மில்லிங் என்றால் துருவல்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறைக்குக் கிருஷ்ணகிரி பக்கமிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 'மில்லிங்' என்றதும் மாவு மில்தான் நினைவுக்கு வருகிறது. அதில் தப்பில்லை. லத்தீனில் 'மொலேரே' என்றால் அரைப்பது. அதன் வழிவந்த 'மில்' முதலில் மாவு அரைக்கும் ஆலை; பிறகு நீர்ச்சக்கரத்தில் ஓடிய மரம் அறுக்கும் ஆலை, காகித ஆலை எல்லாமே ஆங்கிலத்தில் மில்தான். பல பற்கள் கொண்ட கட்டர் சுழன்று உலோகத்தைச் சீவுவதற்கும் கடைசியில் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

இதை 'அரவை' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரைத்தால் பொருள் நசுங்கிப் பொடியாகும். கட்டரோ சீவல் சீவலாக எடுக்கிறது. 'துருவல்' என்பதே பொருத்தமான சொல். சமையல் மேடையில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றுகிறோமே, அந்தத் தேங்காய்த் துருவியைப் பாருங்கள். பல் வைத்த தலை சுழல்கிறது, தேங்காய் மூடியை அதன்மேல் அழுத்திப் பிடிக்கிறோம். மில்லிங் அச்சு அசலாக இதுதான். லேத்தில் பொருள் சுழலும், உளி சுழலாது. அதனால் அது கடைசல்.

இந்த எந்திரங்களோடு சேர்ந்து வரும் சி.என்.சி. என்பது கணினி எண்வழிக் கட்டுப்பாடு, அதாவது கட்டர் போகவேண்டிய இடத்தை எண்களாகக் கொடுத்துக் கணினி வழியே ஓட்டுவது. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடா வழியே எண்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டியதும் ஒரு துருவல் எந்திரத்தைத்தான்.

சரி, குறைந்த விலையில் முதல் சி.என்.சி. துருவல் எந்திரம் வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? துருவியின் அடித்திருகு தளர்ந்திருந்தால் தலை எகிறும், துருவல் கட்டி கட்டியாக விழும். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வந்து மோதுவதால் வரும் வினை இது. இரும்பில் அந்த மோதல் பல மடங்கு. எங்கள் முதல் எந்திரம் எடை குறைந்தது. அதில் எடுத்த பள்ளத்தின் சுவரெல்லாம் மீன் செதில் போல வரி வரியாக இருந்தது. அதனால் முதலில் எடையைப் பாருங்கள், வார்ப்பிரும்பு உடலா என்று கேளுங்கள். அலுமினியச் சட்டத்தில் வரும் சின்ன மேசை எந்திரங்கள் மரத்துக்குப் போதும், அலுமினியத்தையும் மெல்ல மெல்ல எடுக்கும். இரும்புக்கு வேண்டாம்.

அப்புறம் ஸ்பிண்டில், அதாவது கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு. 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கட்டர் மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண மென் இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று ஓடினால் போதும். 10,000க்குக் கீழே இறங்காத ஸ்பிண்டிலில் பல் கருகிவிடும்.

அடுத்து பேக்லாஷ்: திசை மாற்றும்போது திருகு சுற்றியும் மேசை நகராமல் நிற்கும் தளர்வு. அதை நாங்கள் 'ப்ளே' என்போம். 'ஆட்டம்' என்றால் யாருக்கும் புரியும். மேசையை ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தி, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை அதில் பொருத்திச் சுழியில் வையுங்கள். அதே பக்கம் 0.10 மி.மீ. போய், அதே அளவு திரும்பட்டும். முள் சுழிக்கு வராமல் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அவ்வளவு ஆட்டம். மேசையை நகர்த்த நல்ல பால் ஸ்க்ரூ (உள்ளே குண்டுகள் உருளும் திருகு) இருந்தால் இது குறைவாகவே இருக்கும். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கட்டர் செலவுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் வைப்பதானால் சிங்கிள் பேஸில் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது பையில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டு இருக்கட்டும். "இதுல ஒரு பள்ளம் எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டு, ஆறியதும் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள்.