டிமாண்ட் என்றால் தேவையா?

வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் பொய்கை. அங்கே செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் போய் "மாட்டுக்கு டிமாண்ட் எப்படி?" என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "என்ன கேக்குறாங்க?" என்று விசாரித்தால் உடனே பதில் வரும்: "நாப்பதுக்குக் கேட்டாங்க, நான் குடுக்கல."

நாற்பது என்றால் நாற்பதாயிரம். கேட்டவர் விற்கிறவர் அல்ல, வாங்க வந்தவர். நம் சந்தைப் பேச்சில் விற்கிறவர் விலை 'சொல்லுவார்', வாங்குகிறவர் விலை 'கேட்பார்'. சொன்ன விலை வேறு, கேட்ட விலை வேறு. இரண்டுக்கும் நடுவில் தரகர் நின்று, துண்டுக்குள் விரலைப் பிடித்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருவார்.

பொருளாதாரத்தில் டிமாண்ட் என்பதும் இதுதான். ஒரு பொருளை இன்ன விலைக்கு இவ்வளவு வாங்கிக்கொள்கிறேன் என்று, கையில் காசோடு வந்து நிற்பது.

ஆனால் நம் பள்ளிப் பாடநூல் இதற்குத் 'தேவை' என்று பெயர் வைத்திருக்கிறது. ப்ளஸ் ஒன் வகுப்பில் ஆசிரியர் "தேவை என்பது வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ காசில்லாம பசியோட இருக்கிறவனுக்குச் சோறு தேவை இல்லையா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நியாயமான கேள்வி அது. பொருளாதாரக் கணக்கில் அந்தப் பசி ஏறாது, காசோடு வந்தால்தான் ஏறும். இந்தக் கொடுமையை 'தேவை' என்கிற சொல் மறைத்துவிடுகிறது. ஆஸ்பத்திரி எதிரே மருந்துக் கடையில் சீட்டை நீட்டி, விலையைக் கேட்டதும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறவருக்குத் தேவை முழுசாக இருக்கிறது. டிமாண்ட்தான் இல்லை.

சரி, மூலச்சொல் என்ன சொல்கிறது? லத்தீன் 'தேமந்தாரே'வுக்கு ஒப்படைப்பது என்று பொருள். அது பிரெஞ்சுக்குப் போனபோது 'கேட்பது' என்றாகியது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் சாதாரணமாக எதைக் கேட்டாலும் அந்த வினைதான். ஆங்கிலத்தில் அதட்டிக் கேட்கும் தொனி சேர்ந்தது, பிறகு சந்தைக்கு வந்தது. இந்திக்காரர்களின் 'மாங்க்' என்பதும் கேட்பதுதான். கன்னடத்தில் 'பேடிகெ'. பேடு என்பது நம் 'வேண்டு'க்கு உடன்பிறப்பு. சுற்றிலும் எல்லோரும் கேட்கிறார்கள், நாம் மட்டும் தேவைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைத்தெருவில் புழங்குவது 'கிராக்கி'. பிடித்தல், வாங்கிக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள 'கிரஹ' என்ற வடமொழி வேரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல். கன்னடத்தில் 'கிராஹக' என்றால் வாடிக்கையாளர், மராத்தியில் 'கிர்ஹாயிக்'. தமிழிலும் கிராக்கி என்றால் முதலில் ஆள்தான். சென்னை ரோட்டில் குறுக்கே ஓடுகிறவரைப் பார்த்து ஆட்டோக்காரர் 'சாவுகிராக்கி' என்று திட்டுவது அந்தப் பொருளில்தான்: சாவுக்கு வாடிக்கையாளர்! அப்புறம் ஆள் கூடினால் விலை ஏறும் என்பதால் அந்த ஏற்றத்துக்கும் அதே பெயர் வந்தது. 'ரொம்பக் கிராக்கி பண்ணிக்கிறார்' என்பது அதற்கும் அடுத்த படி. எனக்குப் பிடித்த சொல், ஆனால் பாடத்துக்கு உதவாது. விலை குறைந்து கிடக்கிற பொருளுக்கும் டிமாண்ட் உண்டு. அதைக் கிராக்கி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இலங்கைத் தமிழர் இதைக் 'கேள்வி' என்று எழுதுகிறார்கள். அவர்கள் நூல்களில் 'கேள்வியும் நிரம்பலும்' என்று தலைப்பைப் பார்த்தால் நமக்கு வினாத்தாள் நினைவுதான் வரும். பொய்கைச் சந்தையில் நின்றுவிட்டு வந்து படித்தால் சொல் தானாகத் திறந்துகொள்கிறது. சப்ளைக்கு அவர்கள் சொல்லும் 'நிரம்பல்' எனக்கு ஒட்டவில்லை, அதற்கு நம் 'அளிப்பு' மேல்.

வினா என்ற குழப்பம் வேண்டாம் என்றால் 'கேட்பு' இருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. டிமாண்ட் டிராஃப்டுக்கு அரசு விளம்பரங்களில் 'கேட்பு வரைவோலை' என்றுதான் போடுகிறார்கள். வரி வசூலிக்கும் அலுவலகங்களில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று பதிவேடே உண்டு. சந்தையும் தாலுகா ஆபீசும் ஒப்புக்கொண்ட சொல், பாடநூலில் மட்டும் இல்லை.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கத்திரிக்காயைப் பார்ப்போம். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள் கத்திரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கிலோ 40 ரூபாயிலிருந்து 50 ஆனது என்று வைத்துக்கொள்வோம், 25 சதவீத ஏற்றம். வீட்டில் ஒரு கிலோ வாங்குகிறவர் அரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டு மீதிக்கு அவரைக்காய் வாங்கிவிடுவார். கேட்பு 50 சதவீதம் இறங்குகிறது, 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2. ஆம்பூர்ப் பக்கத்து பிரியாணிக் கடைக்காரர் என்ன செய்வார்? பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வைக்காவிட்டால் சாப்பிட வந்தவர் சண்டைக்கு வருவார். 20 கிலோ வாங்கியவர் 19 வாங்குவார், 5 சதவீதக் குறைவு, 5-ஐ 25-ஆல் வகுத்தால் 0.2. விலை ஒரு சதவீதம் மாறினால் கேட்பு எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்கிற இந்த எண்ணுக்குப் பெயர் கேட்பு நெகிழ்ச்சி. காய் ஒன்று, விலை ஒன்று, கேட்பு நெகிழ்ச்சி மட்டும் பத்து மடங்கு வேறு. நெகிழ்ச்சி என்ற இந்த அளவுகோலை 1890-ல் ஆல்ஃப்ரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் பொருளாதாரத்தில் நிலைநிறுத்தினார்.

வருமானத்துக்கும் இதே கணக்கு உண்டு. 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்து ஒன்றைக் கண்டார்: வருமானம் ஏற ஏற, மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு இறங்குகிறது. இந்தியாவில் 1950 முதல் தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய், என்னென்ன வாங்கினீர்கள் என்று விசாரித்து எழுதுகிறார்கள். 1999-2000-ல் கிராமத்துக் குடும்பச் செலவில் உணவு 59 சதவீதம், 2022-23-ல் 46 சதவீதம். தானியத்தை மட்டும் எடுத்தால் 22 சதவீதத்திலிருந்து ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. எங்கள் வீட்டு நோட்டிலும் அப்படித்தான். அம்மா முன்பு அரிசிக்கு முதல் வரி ஒதுக்குவார். இப்போது முதல் வரியில் பால், கடைசியில் செல்போன் ரீசார்ஜ். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேலூர் அடங்கிய இதே பழைய வட ஆற்காட்டு மண்ணிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 1973-74-லும், திரும்ப 1982-லிருந்து 84 வரையும் கிராமக் குடும்பங்களின் வரவு செலவை எடுத்தார்கள். புதிய நெல் ரகங்கள் வந்த காலம். பீட்டர் ஹேசல், சி. ராமசாமி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை 1991-ல் நூலாக்கினார்கள். விவசாயத்தில் கூடிய ஒவ்வொரு ரூபாய்க்கும், விவசாயம் அல்லாத தொழில்களில் இன்னும் 87 பைசா கூடியது என்பது அதில் வந்த கணக்கு. அதில் ஏறக்குறைய பாதி, உரம், அரவை, வியாபாரம் என்று விவசாயமே கேட்டது. மீதி, கையில் காசு வந்த குடும்பங்கள் கடைக்குப் போய்க் கேட்டது. நெல் நன்றாக விளைந்தது என்று யாரும் சோற்றை இரட்டிப்பாகச் சாப்பிடப்போவதில்லை. துணியும் பாலும் பஸ் டிக்கெட்டுமாக அந்தக் காசு வெளியே போகும். எங்கெல் பெல்ஜியத்தில் பார்த்ததுதான்.

நான் இனிமேல் 'கேட்பு' என்றே எழுதுவதாக இருக்கிறேன். ப்ளஸ் டூ பரீட்சை எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து 'தேவை' என்றே எழுதுங்கள். திருத்துகிறவர் பொய்கைச் சந்தைக்குப் போயிருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.