முகத்தைப் பார்த்தீர்கள், பாதத்தைப் பார்த்தீர்களா?

சர்க்கரையால் புண்ணாகி என்னிடம் வந்ததில், இந்த மாதம் இது மூன்றாவது கால். மியான்மரில் எங்கள் யாங்கூன் நகரத்துக் காளி கோயில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இருபது வருடச் சர்க்கரை. உள்ளங்காலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் புண். உள்ளே எலும்பு தட்டுப்பட்டது. கோலாலம்பூரில் இருக்கும் மகள் போனில் அழுதார்: "தினமும் வீடியோ கால்ல பாக்கறேனே டாக்டர், அம்மா நல்லாத்தானே இருந்தாங்க! வலிச்சா சொல்லியிருப்பாங்களே!"

மகள் பார்த்தது முகத்தை மட்டும்தான். பிள்ளை கூப்பிடும் நேரத்துக்கு முன்பே தலை வாரி, கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பைப் பூசி உட்கார்ந்துவிடுவார் அந்த அம்மா. கரண்ட் போன நாளில் சார்ஜ் லைட் வெளிச்சம் வேறு. அதில் சோகை தெரியுமா, வீக்கம் தெரியுமா?

"வலித்தால் சொல்லியிருப்பாரே" என்பதை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! சொல்ல மாட்டார். வலிக்காது. பல வருடச் சர்க்கரை பாதத்தின் நரம்பை மரக்கச் செய்துவிடும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொதிநீர் பட்டாலும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து வருகிறவர்கள் உண்டு. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்போம். இந்த அம்மா ஓரிடத்தில்கூட உணரவில்லை. வலியில்லை என்று சொல்கிற சர்க்கரை நோயாளியின் காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீடியோ காலில் வாரம் ஒருமுறை உள்ளங்காலையும் விரலிடுக்கையும் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நேரே காலை நீட்டுவதா என்று கூச்சப்படுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போன் பிடிக்கச் சொல்லி, பொறுமையாகக் கேளுங்கள். மாத்திரை அட்டையையும் காட்டச் சொல்லி எண்ணுங்கள். "மாத்திரை போட்டீங்களா?" என்றால், காதில் சரியாக விழாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். இதய நோய் இருந்தால் எடையும் கேளுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். பேசும்போது வாய் கோணினால், நாக்கு குழறினால், ஒரு கை தூக்க வராவிட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தப் பக்கத்து வீட்டு நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா? இன்றே வாங்கிவையுங்கள்.

தயவுசெய்து வேலை முடிந்து களைத்த இரவில் மட்டும் கூப்பிடாதீர்கள். மலேசியாவில் உங்களுக்கு இரவு 9 மணி என்றால் இங்கே யாங்கூனில் 7.30, நன்றாக இருட்டியிருக்கும். விடுமுறை நாளில் காலையில் கூப்பிட்டு, ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள்.