எடை குறைப்பு அறுவை சிகிச்சை: டாக்டர் சரி என்றால் இன்சூரன்ஸும் சரி என்று அர்த்தமில்லை

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், பாலிசியும் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். அட்மிஷன் அன்று இன்சூரன்ஸ் டெஸ்க் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு, ஒரு மாதம் முன்பே நாலு காகிதத்தை எடுத்துப் பார்த்திருந்தால் அந்த மறுப்பு வந்திருக்காது. சிலருக்கு எப்படியும் வந்திருக்கும். ஆனால் கடன் வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

விதி சின்னதுதான். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா ஹெல்த் பாலிசிகளுக்கும் ஒரே மாதிரியான விலக்குப் பட்டியலை, அதாவது கம்பெனி பணம் தர வேண்டாத செலவுகளின் பட்டியலை, வகுத்தது. அதில் 06 என்ற குறியீட்டில் வருவது உடல் பருமன். தலைப்பு மட்டும் பார்த்துவிட்டு "இதெல்லாம் பாலிசியில் வராது" என்று சொல்லும் ஏஜென்டுகள் இன்றும் இருக்கிறார்கள். கீழே இருப்பதைப் படியுங்கள்: நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றால்தான் விலக்கு. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், சிகிச்சை முறை மருத்துவ வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும், வயது 18 முடிந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல், ஆனால் 40க்குள் என்றால், கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்தப் பிரிவினர் எளிய வழிகளில் எடையைக் குறைத்துப் பார்த்துத் தோற்றிருக்கவும் வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் டாக்டர் வைத்திருக்கும் கோடு வேறு, இன்சூரன்ஸ் கம்பெனி வைத்திருக்கும் கோடு வேறு. 40, 35 என்ற இந்த எண்கள் 1991இல் அமெரிக்காவில் வகுத்தவை. 2022இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைத் திருத்திவிட்டன: 35 இருந்தாலே வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கின்றன. அதனால் 33 பி.எம்.ஐ. உள்ள ஒருவரிடம் டாக்டர் "நீங்கள் தகுதியானவர்தான்" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் மருத்துவத் தகுதியைச் சொல்கிறார். பணம் கொடுப்பவர் பழைய கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனையில் "இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், எந்த நிபந்தனையின் கீழ் என்று அப்போதே கேளுங்கள்.

அந்த நான்கு நோய்களைக் கவனமாகப் பாருங்கள்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. மூட்டு வலி இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இல்லை, கொழுப்புக் கல்லீரல் இல்லை, குழந்தை தங்காததும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பி.எம்.ஐ. 38. முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாதவர். மறுப்புக் கடிதத்தில் இரண்டே வரி, குறியீடு 06 என்று. அவர் ஃபைலில் ஒரு பழைய தூக்கப் பரிசோதனை அறிக்கை இருந்தது; கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்று அதிலேயே எழுதியிருந்தது. விண்ணப்பத்தோடு அதை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனை படிவத்தில் "மூட்டு வலி" என்று மட்டும் நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.

"கடுமையான", "கட்டுக்குள் வராத" என்ற அடைமொழிகளும் சும்மா இல்லை. குறட்டை விடுகிறார் என்று டாக்டர் எழுதினால் போதாது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபடுவதாக வந்தால்தான் கடுமையானது என்ற வகை. சர்க்கரையில் நிலைமை இன்னும் விசித்திரம். ஒழுங்காக மாத்திரை போட்டு, சாப்பாட்டைக் குறைத்து, எச்.பி.ஏ.1.சி.யை (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை) நல்ல அளவுக்குக் கொண்டுவந்தவரிடம் "உங்களுக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறதே" என்பார்கள். பொறுப்பாக நடந்ததற்கு இதுதான் பரிசு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்து, இன்சுலின் எல்லாம் கொடுத்தும் அளவு ஏறிய பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையாக எடுத்து வையுங்கள்.

அப்புறம் உயரம். எடையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. 109 கிலோ, 165 செ.மீ. உள்ளவருக்கு பி.எம்.ஐ. 40.04. அதே ஆளைச் செருப்போடு நிறுத்தி 167 என்று எழுதினால் 39.08. கிளெய்ம் போச்சு. வெறுங்காலோடு அளக்கச் சொல்லுங்கள், எழுதியதை எட்டிப் பாருங்கள். ஒரு சீட்டில் 165, இன்னொன்றில் 168 என்று இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு கேள்வி அனுப்புவார்கள்.

இன்னொரு பொறி: ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் போல குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். நல்லதுதான். ஆனால் அட்மிஷன் அன்று பி.எம்.ஐ. 40க்குக் கீழே இறங்கி நிற்கலாம். அந்த டயட் தொடங்கும் முன் இருந்த எடையும் உயரமும் தேதியோடு, டாக்டர் கையெழுத்தோடு ஓ.பி. சீட்டில் இருக்கட்டும். டயட் கொடுத்த விவரமும் எழுத்தில் இருக்கட்டும்.

"எளிய வழிகளில் தோல்வி" என்பதை வாயால் சொன்னால் எடுபடாது. டயட்டீஷியன் சீட்டு, மாத்திரைச் சீட்டு, மாதாமாதம் எடை குறித்த காகிதம், இவைதான் பேசும். விதியின் வாசகப்படி இந்த நிபந்தனை 35–40 பிரிவுக்குத்தான். 40க்கு மேல் இருப்பவரிடமும் கேட்கிறார்கள். இருந்தால் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விதியின் வாசகத்தைக் காட்டி எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

பாலிசி எடுத்தபோது ஏஜென்ட் என்ன எழுதினார் என்பதையும் இன்றே பாருங்கள். பிரீமியம் ஏறக்கூடாது என்று 98 கிலோவை 75 ஆக்கி நிரப்பியவர்கள் உண்டு. கையெழுத்து உங்களுடையது, மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். உண்மையை மறைத்தார் என்று கிளெய்மை மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்யலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசி என்றால், மோசடியை நிரூபித்தால் தவிர அப்படிச் செய்ய முடியாது. தவறு இருந்தால் கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். பாலிசி எடுத்தபின் கிளெய்ம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் தனி: ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். எடை குறைப்பு அறுவையைத் தனியாகக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது, ஆனால் இந்த ஒரு சிகிச்சைக்கு மட்டும் உச்சவரம்பு போட்டிருக்கலாம். எச்.ஆர். சொல்வதை நம்பாமல் அந்தப் பக்கத்தை மெயிலில் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் அனுமதித்துவிட்டது என்பது, ஆபரேஷன் உங்களுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "அனுமதி வந்துவிட்டது, பாலிசி ஆண்டு முடிவதற்குள் முடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்துகிறார்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் அது மோசமாகலாம், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறை பொருந்துமா என்று கேட்க வேண்டும். எந்த முறையானாலும் வைட்டமின், இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க, ரத்தப் பரிசோதனையும் அப்படியே. கர்ப்பத்தை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடச் சொல்வார்கள். புகைப்பவர் நிறுத்தியாக வேண்டும். மனஅழுத்தத்தில் சாப்பிடும் பழக்கம் இருந்தால் முதலில் அதற்கு ஆலோசனை வேண்டும். சரியாகப் பின்பற்றாவிட்டால் எடை திரும்பும். இந்த ஆயுட்கால மாத்திரைச் செலவைப் பாலிசி தராது. எடை இறங்கியபின் தொங்கும் தோலை அகற்றுவதையும் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள். மாதச் செலவைக் கணக்குப் போட்டபின் சம்மதம் சொல்லுங்கள்.

சரி, முடிவெடுத்தாயிற்று என்றால், கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் விண்ணப்பத்தைச் சில நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். 2024 விதிப்படி கம்பெனி ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நடப்பில் அந்த ஒரு மணி நேரம் முடியும் தறுவாயில் "கூடுதல் ஆவணம் தேவை" என்று ஒரு கேள்வி வரும், பதில் போனதும் இன்னொன்று வரும். டெஸ்க்கில் இருப்பவர், கம்பெனிக்காக கிளெய்மைக் கையாளும் இடைநிறுவனமான டி.பி.ஏ.வைக் கை காட்டுவார், டி.பி.ஏ. கம்பெனியைக் கை காட்டும். போனில் பேசிப் பயனில்லை. மருத்துவமனை அனுப்பிய படிவத்தின் நகலை வாங்கி, நோயின் பெயர், பி.எம்.ஐ., இணைநோய் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளெய்மே செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பணம் கட்டிவிட்டு, பில்களோடு திரும்பப் பெற விண்ணப்பிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதுவும் மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லியே ஆக வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். உங்கள் புகாரைக் கம்பெனி மறுத்த பதில் கிடைத்ததிலிருந்து, பதிலே வராவிட்டால் அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து, ஓராண்டுக்குள் போக வேண்டும். "மறுபரிசீலனையில் இருக்கிறது" என்று கம்பெனி இழுத்தடிக்கும்போது இந்த ஓராண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். புகார் அனுப்பிய தேதியையும் பதில் வந்த தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.