நேற்று தாங்கிய கண்ணாடி இன்று ஏன் உடைகிறது?

உடைந்த கண்ணாடிப் பாத்திரங்களையும் பீங்கான் பாகங்களையும் ஆராய்ந்து, உடைப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று கண்டறிவது என் தொழில். துண்டுகளைக் கொண்டுவருபவர்களில் பலர், “இத்தனை நாளும் இதே சூட்டைத் தாங்கியதுதானே!” என்று வியப்போடு கேட்பார்கள். பாத்திரம் நேற்று தாங்கியது என்பதை இன்றைக்கான உத்தரவாதமாகக் கொள்ள முடியாது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் ஆய்வைவிடக் கடினமாக இருக்கிறது.

அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கண்ணாடி ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பத்தைக் கடத்துகிறது. கொதிக்கும் தேநீரைத் தடித்த தம்ளரில் ஊற்றும்போது உட்புறம் உடனே விரிய முயல, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் அது இழுவிசைக்கு உள்ளாகி, அங்குள்ள ஏதோ ஒரு கீறலிலிருந்து விரிசல் கிளம்புகிறது. தடிமன் கூடக்கூட இந்த வேறுபாடும் நீடிக்கும். ஆகவே கனமான தம்ளர் சூட்டுக்கு உறுதியானது என்று எண்ணுவது பிழை. சூடான பாத்திரத்தின் மேல் குளிர்ந்த நீர் படுவது இதனினும் கொடியது. குளிர்ந்த மேற்பரப்பே சுருங்க முயன்று, சூடான உட்பகுதி அதற்கு இடங்கொடாமல் தடுப்பதால், கீறல்கள் மிகுந்த அந்தப் பரப்பு முழுவதும் இழுவிசையில் சிக்குகிறது.

சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியில் அவ்வாறு தடுக்கப்பட்ட பரப்பில், ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கும் சுமார் 0.8 மெகாபாஸ்கல் (பரப்பின் மீதான விசையை அளக்கும் அலகு) இழுவிசை உண்டாகலாம். 50 டிகிரி வேறுபாடு என்றால் 40 மெகாபாஸ்கல். நாள்பட்டுப் புழங்கிய கண்ணாடியை உடைக்க அது போதும். ஆய்வகக் குடுவைகளுக்குப் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடி, விரிவது குறைவு என்பதால், இதில் மூன்றில் ஒரு பங்கு இழுவிசைக்கே ஆளாகிறது.

அதே சூட்டில் ஒரு தம்ளர் பிழைத்து இன்னொன்று உடைவதற்கான காரணத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் 1921இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். கீறலின் ஆழம் நான்கு மடங்கானால் கண்ணாடியின் வலிமை பாதியாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இந்தக் கணக்கில் அது தப்பாமல் சேர்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, காற்றின் ஈரம் விரிசலின் நுனியில் உள்ள பிணைப்புகளைத் தாக்குவதால், உடைக்கப் போதாத சிறு இழுவிசையிலும் விரிசல் மெல்ல மெல்ல நீளும். நேற்று தாங்கிய பாத்திரத்தின் கீறல், இன்று அதே நீளத்தில் இருப்பதில்லை.

வெப்பத்தால் வந்த விரிசல் பெரும்பாலும் விளிம்பிலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டுப் பின்னர் நெளிந்து செல்லும். அடிபட்டு வந்ததோ அடிபட்ட புள்ளியிலிருந்து ஆரங்களாகப் பிரியும். நெளிவைப் பற்றி 1993இல் யூசே, சானோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய சோதனை எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. சூடாக்கிய மெல்லிய கண்ணாடித் தகட்டைக் குளிர்நீரில் மெதுவாக இறக்கியபோது விரிசல் நேர்கோடாகச் சென்றது. வேகத்தைக் கூட்டியதும் சீரான அலைபோல் நெளிந்தது. மேலும் கூட்டியபோது கிளைத்தது.

மண்சட்டியின் போக்கு வேறு. களிமண்ணோடு கலந்த மணலைச் சுற்றி நுண்விரிசல்கள் முன்பே ஏராளமாக இருப்பதால், ஒன்று மட்டும் பாய்ந்தோடிச் சட்டியைப் பிளப்பது அரிது. விரிசல்கள் குறுகியவையாக இருந்தால் திடீரெனப் பாயும், நீண்டவையாகவோ பலவாகவோ இருந்தால் மெதுவாகவே வளரும் என்று பீங்கான் ஆய்வாளர் ஹாசல்மன் 1969இல் தந்த விளக்கம் இதற்கும் பொருந்துகிறது. ஆயினும் சட்டி சிறிது சிறிதாக வலுவிழந்துகொண்டே வரும்.

எரிவாயு அடுப்பின் மேலுள்ள கடினப்படுத்திய கண்ணாடியின் பரப்பு, தயாரிக்கும்போதே அழுத்தத்துக்கு உட்படுத்தப்பட்டது. அதனால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். ஆனால் விளிம்பில் ஏற்பட்ட சில்லு அந்த அழுத்த அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், பலகை முழுவதும் நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறும். விளிம்பு சிதைந்த பலகையை உடனே மாற்றுங்கள். அடுப்பு ஆறும்வரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறல் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தை, சூடான எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

உடைந்ததை ஆய்வுக்குக் கொண்டுவருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், தனித்தனியாகத் தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள். உடைந்த முகங்கள் உரசிக்கொண்டால், விரிசல் தொடங்கிய இடத்தின் தடயம் அழிந்துபோகும்.