வெப் டிசைன் தொழிலில் முதல் மூன்று வேலைகள்

நான் தொழில் தொடங்கியபோது என் போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில், பன்னிரண்டு இணையதளங்கள் இருந்தன. பன்னிரண்டும் கற்பனை நிறுவனங்களுக்கு நானாகச் செய்து பார்த்தவை. பிசியோதெரபி கிளினிக் நடத்தும் ஒருவர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல எதையாவது யாராவது பயன்படுத்துறாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. "நாளைக்கு வந்து எங்க ரிசப்ஷன்ல ஒரு மணி நேரம் உட்காருங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை போன் அடித்தது. பதினோரு பேர் கேட்டது இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான்: எத்தனை மணி வரை இருப்பீர்கள், முன்பதிவு வேண்டுமா, வண்டி நிறுத்த இடம் உண்டா. மூன்றுக்குமே அவர்களுடைய பழைய தளத்தில் பதில் இருந்தது. ஆனால் மூன்றாவது பக்கத்தில், ஒரு படத்துக்குள், பொடி எழுத்தில் இருந்தது. போனில் பெரிதாக்கினாலும் படிக்க முடியவில்லை. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையும் கொடுக்காததால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வைத்துப் படிப்பவருக்கு அப்படியொரு தகவல் இருப்பதே தெரியாது.

அந்த மூன்று பதில்களையும் முகப்பின் தலைப்பகுதியிலேயே எழுத்தாக வைத்தேன். தொட்டால் அழைப்பு போகிற ஒரு பட்டனும் சேர்த்தேன். முகப்புப் படம் கேமராவில் எடுத்தபடியே 4 எம்பி இருந்தது. கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குக் குறைத்தேன். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது தளம் பயன்படுத்த எப்படி இருக்கிறது என்பதை அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல். வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் அந்தத் தளம் 7 விநாடியிலிருந்து 2 விநாடிக்கு வந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பலில் இருந்த எழுத்தையும் கருமையாக்கினேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது, தளத்தை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டுதல். வயதானவர்கள் அதிகம் வருகிற இடத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

ஒரு மாதம் கழித்து அதே நேரத்தில் மறுபடி அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த மூன்று கேள்விகளுக்காக வந்த அழைப்பு இரண்டே இரண்டு. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பழைய தளத்தின் படத்தையும் புதியதன் படத்தையும் அருகருகே வைத்தேன். போர்ட்ஃபோலியோவில் இருந்த பன்னிரண்டையும் எடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்தேன். விசாரிக்க ஆள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

புதிதாக வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. முப்பது படங்கள் இருக்கும். யாருக்கு என்ன சிக்கல் இருந்தது, அது எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. தொழில் நடத்துகிறவருக்கு நம் எழுத்துரு தேர்வைவிடத் தன் வேலை நமக்குப் புரியுமா என்பதுதான் கவலை. இப்படி விளக்கிய மூன்று வேலைகள் கையில் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம்.

பயிற்சிக்காகச் செய்ததை வைப்பதில் தவறில்லை, 'பயிற்சி' என்று போட்டுவிடுங்கள். விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட் (தயார் வடிவமைப்பு) என்றால் அதில் நீங்கள் செய்தது எது என்று சொல்லுங்கள். அடுத்தவர் வடிவமைப்பைத் தன்னுடையது என்று காட்டியவரை இந்தத் தொழிலில் யாரும் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. இன்னொன்று, தளம் வெளியாகும் அன்றே போனிலும் கணினியிலும் முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் அதை எப்படியெல்லாமோ மாற்றியிருப்பார். உங்கள் இணைப்பைத் தொட்டுப் பார்க்கிறவர் அதையும் உங்கள் வேலை என்றே நினைப்பார்.

முதல் வேலையை இலவசமாகச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், உங்களுக்கு மனதுக்குப் பிடித்த ஒரு அமைப்புக்கு, ஒரே ஒரு முறை. அப்போதும் முழுத் தொகையைப் போட்டு, 100 சதவீதம் தள்ளுபடி என்று காட்டி இன்வாய்ஸ் கொடுங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், என்றைக்கு முடியும், போர்ட்ஃபோலியோவில் காட்டச் சம்மதமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். காசு வாங்காத வேலைதான் முடியாமல் இழுத்துக்கொண்டே போகும்.

ஆள் தேடுவதற்கு நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருடைய தளத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். தொடர்புப் படிவம் வேலை செய்யவில்லையா, முகவரி பழையதா? ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் நான்கு வரியும் அவருக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள். புகைப்படக்காரர்கள், அச்சகத்தார், கணக்காளர்கள் போன்றோரிடம் பழகுங்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் நம்மிடம் வருவதற்கு முன்பே அவர்களிடம் போய்விடுகிறார்.

தளத்தின் இணைய முகவரிப் பெயரான டொமைன் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒருவர் என்னிடம் வந்தபோது அவர் தளமும் இல்லை, அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சலும் இல்லை. தளம் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு, பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதைப் பதிந்தவர்தான் மீட்க முடியும். அவகாசம் முடிந்து அந்தப் பெயர் வேறு யாரிடமோ போய்விட்டது. விசிட்டிங் கார்டு, பெயர்ப் பலகை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் பழைய முகவரியே இருந்தது. மேசைமேல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது அவர் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவருக்குப் புதுப் பெயரை அவருடைய மின்னஞ்சலில், அவரையே பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்ய வைத்துப் பதிந்தோம். தளம் இருக்கும் சர்வருக்கான ஹோஸ்டிங் கணக்கும் அவர் பெயரில்தான். அதன் பிறகு அவர் நான்கு பேரை என்னிடம் அனுப்பியிருக்கிறார். நால்வரும் போர்ட்ஃபோலியோவைத் திறப்பதற்கு முன்பே கேட்டது, "டொமைன் எங்க பேர்லதானே இருக்கும்?" என்பதைத்தான்.