முட்டுகிறது என்று தண்டுவடத்துக்கு யார் சொல்வது?

சிறுநீர்ப்பையில் 150 மில்லி சேரும்வரை பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாது. 400ஐத் தாண்டினால் உட்கார முடியாது.

பையின் உட்பூச்சு வெறும் உறை அல்ல. அது இழுபடும்போது அதன் செல்கள் ஏடிபி என்ற வேதிப்பொருளைக் கசியவிடும்; அடியிலுள்ள நரம்பு நுனிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இழுவிசையை நேரடியாகவே உணரும் பியேசோ2 என்ற புரதமும் அங்கே உண்டு. பிறவியிலேயே அது பழுதானவர்களில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழிப்பறைக்குப் போகிறார்கள்.

செய்தி கிளம்பும் இழைகள் இரண்டு வகை. மயலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா அன்றாட வேலையைப் பார்க்கும். உறையில்லாத, வேகம் குறைந்த சி-இழைகளில் பல சும்மா கிடக்கும். கிருமித்தொற்று, எரிச்சல் என்றால்தான் விழிக்கும்.

இரண்டும் பெரும்பாலும் இடுப்பறை நரம்பு வழியே எஸ்2 முதல் எஸ்4 வரையிலான தண்டுவடத் துண்டுகளுக்குப் போகின்றன (எஸ் என்பது திருவெலும்பைக் குறிக்கும் எழுத்து). இங்கே பலரும் தடுமாறுவார்கள். அந்தத் துண்டுகள் பிட்டத்துக்கு மேலுள்ள திருவெலும்புக்குள் இல்லை. தண்டுவடமே இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதன் நுனியில்தான் அவை இருக்கின்றன. மரத்திலிருந்து விழுந்து இடுப்பின் முதல் முள்ளெலும்பு நொறுங்கினால் சிறுநீரும் கட்டிக்கொள்வது இதனால்தான்.

அடி அதற்கு மேலே, நெஞ்சு மட்டத்தில் பட்டால் கதை வேறு. முதல் சில வாரங்கள் பை துவண்டு கிடக்கும். பிறகு, தூங்கிக்கொண்டிருந்த சி-இழைகள் மூளையைக் கேட்காமலே ஒரு குறுக்குவழியை நடத்தத் தொடங்கும். குளிர்ந்த நீரைப் பைக்குள் செலுத்தினால் உடனே பீய்ச்சித் தள்ளும், கைக்குழந்தைக்கும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், பை சுருங்கும் அதே நேரத்தில் வாயிலிலுள்ள சுருக்குத்தசையும் இறுகிவிடும். உள்ளழுத்தம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

சி-இழைகளில் மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 உணரி இருக்கிறது. அதனால் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினையே பைக்குள் விட்டு அவற்றை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். பலன் கிடைத்தது, எரிச்சல்தான் தாங்கவில்லை. இன்று பைத்தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியே அதிகம் பயன்படுகிறது.

தண்டுவடத்தின் ஆறாம் நெஞ்சுத் துண்டான டி6இலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் நிரம்பிய பையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறியிருக்கும். படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.