நாலு ஓம் எப்போதும் நாலு ஓம் இல்லை

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார் டிக்கியில் இரண்டு சப்வூஃபர். இரண்டுமே இரட்டை காயில், காயிலுக்கு 4 ஓம். ஆம்ப்ளிஃபயரில் 'குறைந்தது 2 ஓம்' என்று போட்டிருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 0.9 ஓம்தான். ஸ்பீக்கர் போய்விட்டதா?"

ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது, ஒயரிங்தான் தப்பு. நான்கு காயில்களையும் (ஸ்பீக்கர் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்கள்) பக்க இணைப்பில் கொடுத்தால் மொத்தம் 1 ஓம். அதே 20 வோல்ட்டுக்கு 2 ஓமில் 10 ஆம்பியர் ஓடும், 1 ஓமில் 20 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நாலு மடங்காகிறது. அது எரியாமல் சிவப்பு விளக்கோடு நின்றதே நல்ல காலம். ஒவ்வொரு சப்வூஃபரின் இரு காயில்களையும் தொடரிணைப்பில் போட்டு 8 ஓம் ஆக்குங்கள்; பிறகு இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். இந்த ஜோடியில் 2 ஓம் வராது. அது வேண்டுமென்றால் 2 ஓம் காயில் உள்ள சப்வூஃபர்கள்தான் வாங்க வேண்டும்.

4 ஓம் என்று அச்சடித்த காயில் மீட்டரில் ஏன் 3.6 (அந்த 0.9-இன் நாலு மடங்கு) காட்டுகிறது? மீட்டர் அளப்பது செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும். பாட்டு ஓடும்போது காயில் காந்தப்புலத்துக்குள் முன்னும் பின்னும் அசைகிறது. காந்தப்புலத்தில் கம்பி அசைந்தால் அதுவே ஒரு ஜெனரேட்டர்! அதில் பிறக்கும் மின்னியக்கு விசை, லென்ஸ் விதிப்படி, ஆம்ப் தள்ளும் மின்னோட்டத்தையே எதிர்த்து நிற்கும். கோன் (கூம்பு) அதிகம் ஆடத் துடிக்கும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், பல சப்வூஃபர்களில் 30 ஹெர்ட்ஸை ஒட்டி, இந்த எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். அங்கே அந்த '4 ஓம்' பல மடங்கு ஏறிவிடும்.

இதைக் கையாலேயே உணரலாம். ஸ்பீக்கரை ஆம்பிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, கோனை இரண்டு உள்ளங்கையாலும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். இலகுவாக இறங்கும். இப்போது ஒரு காயிலின் இரு முனைகளையும் சிறு ஒயரால் ஷார்ட் செய்து மறுபடி அழுத்துங்கள். எண்ணெய்ச் சட்டியில் கரண்டியை இழுப்பதுபோல் கனக்கும். நீங்கள் உண்டாக்கிய மின்சாரமே உங்கள் கையைத் தடுக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் 'சிக்ரி' ஆராய்ச்சி நிலையமாக எழுந்த ஊர் காரைக்குடி. இங்கே ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு பழைய ஸ்பீக்கர் இந்தச் சோதனைக்காகவே இருக்க வேண்டும் என்பேன். பெரிய நிதியெல்லாம் தேவையில்லை.

எதிர்ப்பு தானாகவே ஏறுகிறதே, 1 ஓமில் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஒத்ததிர்வைத் தாண்டியதும் அது மறுபடி இறங்கிவிடும். துளை வைத்த பெட்டியில் உச்சம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஏறக்குறைய வெறும் கம்பி மின்தடை வரை விழும். ஆம்ப் தாங்க வேண்டியது அந்தப் பள்ளத்தை. அதனால் கணக்கு எப்போதும் அச்சடித்த ஓமில்தான். இரண்டு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்தால் (இரு சேனல்களையும் சேர்த்து ஒரே இணைப்பாகக் கொடுத்தால்) ஒவ்வொரு பக்கமும் பாதி ஓமைத்தான் பார்க்கும். சேனலுக்கு 2 ஓம் தாங்குவது பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

கெயினை (ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகை) காதால் வைக்காதீர்கள். 4 ஓமில் ஆம்ப் தரும் ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரும் திறன்), சப்வூஃபர்கள் சேர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட் இரண்டில் சிறியதை எடுங்கள். 300 வாட் என்றால் (300 × 4)-இன் வர்க்கமூலம், 34.6 வோல்ட். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அந்த எண் வரும்வரை மட்டும் திருகுங்கள். சித்திரை வெயிலில் பிள்ளையார்பட்டியில் நிறுத்திய காரில், கார்பெட்டுக்கு அடியில் புதைத்த ஆம்புக்குக் கணக்குச் சரியாக இருந்தாலும் மூச்சு முட்டும். சுற்றிலும் காற்றோட்டம் விடுங்கள். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும், அது காப்பது ஒயரை.

ஒயரிங் முடிந்ததும் ஆம்ப் பக்க முனையில் அளந்தால் 3.6 ஓமை ஒட்டி வர வேண்டும். 7.2 வந்தால் ஒரு சப்வூஃபர் இணைப்பிலேயே இல்லை. ஒரு காயில் தலைகீழாக இருந்தாலோ மீட்டருக்குத் தெரியாது, எண் சரியாகவே வரும். ஆனால் இரு காயில்களும் ஒன்றையொன்று தள்ளி, கோன் அசையாமல் சூடு மட்டும் ஏறும். அதற்கு, ஆம்பில் கொடுக்கும் முன்பே, 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கர் ஒயரின் ப்ளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒன்றாக வெளியே வர வேண்டும்.